தீர்த்தத்தில் இறங்காத கணவர்

கேள்வி: என் கணவர் முன்னாள் போராளி. எங்கள் ஒழுங்கையிலிருந்த ஒரு பையனை இயக்கத்துக்குக் கூட்டிச் சென்றவர் அவர்தான், பையன் திரும்பவில்லை. இது தெரியாத அந்தத் தாய் இன்றும் அவரைக் கண்டால் ‘சாப்பிட்டயா மகன்’ என்று கேட்கிறார். ஆடி அமாவாசையன்று தகப்பனுக்குக் கடன் கழிக்கக் கடற்கரை வரை வருபவர், ‘எனக்குத் தகுதியில்லை’ என்று தீர்த்தத்தில் இறங்காமலே திரும்பிவிடுகிறார். கிளினிக் மாத்திரையால் தூக்கம் வருகிறது, இது மாறவில்லை. குருக்களிடம் அழைத்துச் செல்லலாமா? தாயிடம் சொல்லிவிடலாமா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரை தூக்கத்தைத் தந்தும் இது மாறாததில் வியப்பில்லை, ஏனெனில் உங்கள் கணவரை வாட்டுவது அச்சமன்று. போருக்குப் பின் வரும் நடுக்கத்தையும் கெட்ட கனவுகளையும் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980இல் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆனால், வியட்நாமில் போரிட்டுத் திரும்பியவர்களுக்குப் பொஸ்ரனில் சிகிச்சையளித்த ஜொனதன் ஷே, அந்த விவரிப்புக்குள் அடங்காத இன்னொரு புண்ணைக் கண்டு அதை ‘மோரல் இஞ்சுரி’ என்றார். மனச்சாட்சிக் காயம் என்று நாம் சொல்லலாம். மேலிடம் அறம் தவறியதால் உடைந்தவர்களைப் பற்றியே அவர் பெரிதும் பேசினார். தன் கையால் செய்தது, தடுக்கத் தவறியது, பார்த்துக்கொண்டு நின்றது ஆகியவற்றையும் பிரெட் லிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் அதற்குள் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்கப் படைகளிலும் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலும் இதற்குக் காதுகொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் அங்கே பணியாற்றும் குருவானவர்கள். படைக் குருவானவரிடம் அந்தரங்கமாகச் சொன்னது, சொன்னவரின் சம்மதமின்றி மேலதிகாரியின் காதுக்குப் போகாது என்பதால், வைத்தியரிடம் வாய் திறக்காதவரும் அவரிடம் பேசுகிறார். நல்ல குருவானவர் ‘கடவுள் மன்னித்துவிட்டார்’ என்று முதல் நாளே சொல்வதில்லை. சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். போரில் வென்ற பின், கர்ணன் தன் தமையன் என்று அறிந்து அரசே வேண்டாமென்ற தருமரை வியாசராலும் ஒரு சொல்லில் தேற்ற முடியவில்லை. பாண்டிருப்பு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் கேட்டவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே குருக்களிடம் செல்லலாம், ஆனால் பரிகாரச் சீட்டு எழுதுவதற்கு முன் ஒரு மணிநேரம் பேசாமல் கேட்டிருக்கக்கூடியவரா என்று பாருங்கள். சொல்வது வெளியே போகாது என்ற உறுதியை முன்கூட்டியே பெறுங்கள். பாதரிடம் போனாலும் அப்படியே கேளுங்கள். பாவங்களைப் பாதரிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம் அந்த அருட்சாதனத்துக்கு உரியதே தவிர எல்லாப் பேச்சுக்கும் உரியதன்று. லிட்ஸ் குழுவினரின் சிகிச்சையில், தான் பெரிதும் மதிக்கும் ஒருவர் எதிரே இருப்பதாக எண்ணி நடந்ததை உரக்கச் சொல்லி, அவர் தரக்கூடிய மறுமொழியையும் தானே சொல்வது ஒரு பகுதி. கிளினிக் வைத்தியரிடம் இதைக் குறிப்பிடுங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம், சாவைப் பற்றிப் பேசினால் அன்றே ஆசுபத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தாயிடம் இப்போது சொல்லாதீர்கள். அவருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு. ஆயினும் உங்கள் கணவரின் பாரம் இறங்குவதற்காக மட்டும் சொல்லப்படும் உண்மை, ஒருவேளை இன்னும் மகனுக்காகக் காத்திருக்கும் அவர் தலையில்தான் விழும். அவர் தாங்கக்கூடிய நாளையும், அப்போது பக்கத்தில் இருக்க வேண்டியவரையும், அந்தக் குருக்களோ பாதரோ உங்கள் கணவரோடு பலமுறை பேசிய பிறகு மூவருமாக முடிவு செய்யுங்கள்.