பொங்கல் லீவில் ஸ்பிதி ஐஸ் கிளைம்பிங்: ஆறு நாள் போதுமா?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், பெங்களூருவில் ஐ.டி. வேலை. இரண்டு வருடமாக உள்ளரங்கச் சுவரில் கயிறு கட்டி ஏறிப் பழகியிருக்கிறோம். பொங்கல் லீவோடு சேர்த்து ஆறு நாள் ஒதுக்கி, ஹிமாச்சலில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போய் உறைந்த அருவியில் ஏற ஆசை. ஒரு ஏஜென்ட் ஆளுக்கு 32,000 ரூபாய் கேட்கிறார். மணாலியிலிருந்து அடல் சுரங்கம் வழியாக ஒரே நாளில் ஸ்பிதியின் முக்கிய ஊரான காஜா போய்விடலாம், அங்கே இரண்டு நாள் ஏற்றம், கருவிகள், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் விலை, அனுபவம் தேவையில்லை என்கிறார். பாதிப் பணத்தை இந்த வாரமே கட்டச் சொல்கிறார். கட்டலாமா? அமெரிக்காவில் இருக்கும் நண்பர் சாட்டிலைட் மெசேஜ் அனுப்பும் கருவி ஒன்றைக் கொடுத்தனுப்புகிறேன் என்கிறார். அதையும் எடுத்துப் போகலாமா?

பதில்: கட்டாதீர்கள். விலைக்காகச் சொல்லவில்லை. அவர் சொல்லும் வழியே ஜனவரியில் கிடையாது.

அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்தது. ரோதாங் கணவாய்க்கு அடியில் ஒன்பது கிலோமீட்டர் குடைந்து போய் லாஹௌல் பக்கம் வெளியே வரும். லாஹௌல் வேறு, ஸ்பிதி வேறு. இரண்டுக்கும் நடுவில் 4,500 மீட்டருக்கு மேல் குன்சும் கணவாய் நிற்கிறது. பனிக்காலம் தொடங்கியதும் அந்தச் சாலை மூடப்படும். மறுபடி திறக்க மே, ஜூன் ஆகிவிடும். சுரங்கம் வந்துவிட்டதால் குளிர்காலத்திலும் மணாலியிலிருந்து காஜா போகலாம் என்று சொல்கிறவருக்கு ஒன்று வரைபடம் தெரியாது, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார். இப்படிப் பணம் கட்டி மணாலியில் போய் இறங்கி, "ரோடு குளோஸ் சார், பதிலுக்கு சோலாங்கில் ஸ்னோ ஸ்கூட்டர் ஏற்பாடு செய்கிறோம்" என்று கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள் என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஜனவரியில் காஜாவுக்கு ஒரே வழி சிம்லா, ராம்பூர், கின்னௌர் வழியாகத்தான். அந்த வழிக்கு நாளை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் விமானத்தில் சண்டிகர், அங்கிருந்து சிம்லா. இரண்டாம் நாள் ரெக்காங் பியோ அல்லது அதற்கு மேலே இருக்கும் கல்பா. மூன்றாம் நாள் நாக்கோ அல்லது தாபோ. நான்காம் நாள் காஜா. ஐந்தாம் நாள் ஓய்வு. ஆறாம் நாள் காலையில்தான் கருவியைக் கையில் எடுப்பீர்கள். உங்கள் கணக்கில் அன்றைக்கு நீங்கள் பெங்களூரு வீட்டில் இருக்க வேண்டும். மூன்று நாள் ஏற்றமும் திரும்பும் வழியும் சேர்த்தால் பதினொரு நாள் ஆகும். கல் சரிவதாலோ பனி விழுவதாலோ சாலை அடைபட்டால் தாங்குவதற்கு இரண்டு நாள் கையில் வேண்டும். இதைக் குறைக்கிற வித்தை யாரிடமும் இல்லை.

ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி இரண்டு நாளில் கொண்டுபோய் விடுகிறோம் என்று சொல்கிற ஆட்களும் உண்டு. அதுதான் இன்னும் ஆபத்து. காஜா 3,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இன்று தூங்கும் உயரத்துக்கும் நாளை தூங்கும் உயரத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் உயரம் கூட்டாமல் இருக்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. கின்னௌர் வழி நீளமாக இருந்தாலும் ஓரளவு இந்த விதியை ஒட்டியே ஏறுகிறது. அதனால்தான் எனக்கு அந்த வழி பிடிக்கும்.

ஆனால் அதே வழியில் யாரும் சொல்லாத ஒரு சங்கடம் இருக்கிறது. உயர நோய் வந்தால் மருந்தை விட முக்கியம் கீழே இறங்குவது. காஜாவிலிருந்து கீழே போகும் சாலை தாபோ பக்கம் 3,300 மீட்டருக்குக் கொஞ்சம் தாழ்ந்துவிட்டு, நாக்கோ பக்கம் மறுபடியும் 3,600-ஐ ஒட்டி ஏறுகிறது. அதைத் தாண்டிய பிறகுதான் உண்மையான இறக்கம். ரெக்காங் பியோ 200 கிலோமீட்டர். குளிர்காலத்தில் அது முழு நாள் பயணம். ஆகவே காஜாவில் முதல் ராத்திரி தலைவலியோடு வாந்தியும் வந்தால், "காலையில் சரியாகிவிடும்" என்று ஏற்றத்துக்குக் கிளம்பாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலை மறு கால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உடனே காஜா ஆஸ்பத்திரி, ஆக்சிஜன், அப்புறம் கீழே. உயர நோயைத் தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். வண்டி டிரைவர் நீட்டும் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள்.

அடுத்தது இடைத்தரகர் விஷயம். உங்களிடம் பேசுகிறவர் பெரும்பாலும் பயணத்தை நடத்துகிறவர் இல்லை. பெங்களூருவில் இன்ஸ்டாகிராம் பக்கம் வைத்திருப்பவர் உங்களை மணாலியில் ஒருவருக்குக் கைமாற்றுவார், அவர் காஜாவில் ஒருவருக்குக் கைமாற்றுவார். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கழியும். கடைசியில் கயிற்றைப் பிடிக்கப்போகும் பையனின் கூலியும் கருவி வாடகையும்தான் மிச்சம். அதனால் ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பனியில் எங்கள் கயிற்றைப் பிடிக்கப்போகிறவரோடு போனில் பேச வேண்டும்." பேரைக் கூடச் சொல்ல முடியாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பேசக் கிடைத்தால், கடந்த குளிர்காலத்தில் எந்த அருவியில் ஏறினார், மேலே ஆங்கர் (கயிற்றைத் தாங்கும் பிடிமானம்) எதில் போடுவார், ஒருவர் கால் உடைந்தால் எப்படி இறக்குவார் என்று கேளுங்கள். தெரிந்தவர் தயங்காமல் பதில் சொல்வார்.

ஹிமாச்சல் சுற்றுலாத் துறையில் பதிவு செய்த நிறுவனமா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாளைப் பார்த்து உங்கள் கயிறு யார் கையில் இருக்கும் என்று தெரிந்துகொள்ள முடியாது. "பேசிக் கோர்ஸ் முடித்தவர்" என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உத்தரகாசி, மணாலி, டார்ஜிலிங் நிலையங்களின் அடிப்படைப் பயிற்சி நல்ல பயிற்சி, அதில் எனக்கு மரியாதை உண்டு. அங்கே பனியாற்றின் சரிவில் ஏறக் கற்றுத் தருவார்கள். செங்குத்தாகத் தொங்கும் அருவிப் பனி வேறு வேலை. நாட்டில் இத்தனை நிலையங்கள் இருந்தும், குளிர்காலத்தில் அருவி ஏற்றத்துக்கென்று சாதாரண ஆள் எளிதாகச் சேரக்கூடிய ஒழுங்கான பயிற்சி அரிதாகவே இருக்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் இந்த ஏஜென்ட் கூட்டம் பிழைக்கிறது.

"கருவிகள் சேர்த்து" என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஐஸ் டூல் (பனியில் கொத்திப் பிடிக்கும் சிறு கோடரி), ஹெல்மெட், ஹார்னஸ் (கயிறு கட்டும் இடுப்புப் பட்டை) இவற்றில் பெரிய ஏமாற்று நடப்பதில்லை. பூட்ஸும், அதன் அடியில் மாட்டும் பற்கள் வைத்த சட்டமான கிராம்பானும் பொருந்துவதில்தான் நடக்கும். செங்குத்துப் பனியில் உங்கள் எடை முழுவதும் கிராம்பானின் முன்பற்கள் இரண்டில் நிற்கும். பூட்ஸின் அடி வளையக் கூடாது. குதிகாலில் கிராம்பானின் கிளிப் உட்காருவதற்குப் பள்ளம் வெட்டியிருக்க வேண்டும். சாதாரண டிரெக்கிங் ஷூவில் வார் போட்டு இறுக்கித் தருவார்கள், வாங்காதீர்கள். பூட்ஸைக் காலில் போடுவதற்கு முன் அதில் கிராம்பானை மாட்டி, வாரைக் கட்டாமல், கிராம்பானை மட்டும் பிடித்துத் தூக்கி உதறுங்கள். பூட்ஸ் கழன்று விழுந்தால் அந்த ஜோடி ஆகாது. முன்பக்கம் பூட்ஸின் நுனியைத் தாண்டிப் பற்கள் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டியிருக்க வேண்டும். இதை அருவிக்கு அடியில் விரல் விறைத்துப்போன நிலையில் செய்ய முடியாது. முந்தைய நாள் சாயங்காலம் அறைக்குள் செய்யுங்கள். உங்களில் யாருக்காவது மிகப் பெரிய அல்லது மிகச் சிறிய பாதம் என்றால், அந்த அளவு இருக்கிறதா என்று போட்டோவோடு முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

உள்ளரங்கச் சுவர்ப் பழக்கம் உதவுமா? கயிறு, முடிச்சு, பிலே (ஏறுபவரின் கயிற்றைக் கீழிருந்து பிடிப்பது) அளவுக்கு உதவும். ஒரு விஷயத்தில் கெடுதலும் செய்யும். சுவரில் விழுவது சகஜம், விழுந்துதான் கற்றுக்கொள்கிறோம். பனியில் கிராம்பானோடு விழுந்தால் பற்கள் பனியில் மாட்டிக் கணுக்கால் திரும்பும். அதனால் முதல் முறை போகும் நான்கு பேரும் டாப் ரோப்பில், அதாவது மேலே ஏற்கெனவே கட்டிய கயிற்றில் மட்டும்தான் ஏற வேண்டும். "இரண்டாம் நாள் லீட் பண்ணிப் பாருங்கள்" (கயிற்றைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு முதலில் ஏறுங்கள்) என்று யார் உசுப்பேற்றினாலும் சரி. அருவிப் பனியின் கடினத்தைக் குறிக்கும் டபிள்யூ.ஐ. தரத்தில் 2, 3-க்கு மேல் வேண்டாம். மேலே ஆங்கரை உதிரிப் பாறையில் போட்டால் கேள்வி கேளுங்கள், ஸ்பிதியில் அப்படிப்பட்ட பாறை நிறைய.

கீழே நிற்பவருக்கும் ஆபத்து உண்டு. கடுங்குளிரில் பனி மொரமொரவென்று இருக்கும். டூலால் ஒரு போடு போட்டால் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து நேரே கீழே வரும். பிலே பிடிப்பவர் ஏறுபவருக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில், முடிந்தால் ஒரு பாறை மறைவில் நிற்க வேண்டும். கயிற்றை விட்டுவிட்டு ஓட முடியாது என்பதை மறக்காதீர்கள். விடியற்காலையில் ஏறத் தொடங்காதீர்கள், கொஞ்சம் குளிர் தணியட்டும். அதே சமயம் வெயில் நேரே விழும் அருவியாக இருந்தால், வெயில் வருவதற்குள் அடியிலிருந்து விலகிவிடுங்கள். உச்சியிலிருந்து தொங்கும் பனித்தூண்களுக்கு அடியில் உட்கார்ந்து டீ குடிப்பது, படம் எடுப்பது எதுவும் வேண்டாம்.

இன்சூரன்ஸ். ஏஜென்ட் சொல்லும் இன்சூரன்ஸ் பெரும்பாலும் பேருக்கு ஒரு விபத்துக் காப்பீடுதான். பாலிசித் தாளை வாங்கிப் படியுங்கள், மலையேற்றம் விலக்கு என்று எழுதியிருக்கலாம். உங்கள் சொந்த ஹெல்த் பாலிசியைப் பற்றி நிறையப் பேர் தவறாக நினைக்கிறார்கள், அதனால் இதை விளக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் ஹெல்த் பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்கு ஒரே மாதிரி வாசகத்தில் வருகிறது; எக்ஸ்கிளூஷன் 09 என்று எண் இருக்கும். பாறை ஏற்றம், மலையேற்றம், ஸ்கூபா எல்லாம் அதில் பட்டியலாக இருக்கும். பட்டியலைப் பார்த்துவிட்டு "நமக்குக் கிடைக்காது" என்று விட்டுவிடுகிறார்கள். பட்டியலுக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: "தொழில்முறையாக ஈடுபட்டால்" என்று. நீங்கள் தொழில்முறை ஏற்றக்காரர் இல்லை, லீவு போட்டுவிட்டுப் போகிறவர். அந்த வாசகம் உங்களுக்குப் பொருந்தாது. கால் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், மறுக்கிறார்கள் என்றால், அந்த வார்த்தையைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். இது ஹெல்த் பாலிசிக்கு மட்டும். தனிநபர் விபத்துப் பாலிசி, பயணப் பாலிசி இரண்டிலும் அமெச்சூர் என்று பார்க்காமல் விலக்கியிருக்கலாம், வாசகத்தைப் படித்துப் பாருங்கள். ஆபீஸ் தரும் குரூப் பாலிசியில் வாசகம் மாறியிருக்கலாம், ஹெச்.ஆரிடம் முழுத் தாளையும் வாங்குங்கள். மலையிலிருந்து உங்களை இறக்கிக் கொண்டுவரும் செலவு இவை எதிலும் வராது என்றே வைத்துக்கொண்டு கையில் பணம் வைத்திருங்கள்.

சாட்டிலைட் கருவி வேண்டவே வேண்டாம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ, மெசேஜ் கருவியோ வைத்திருப்பது குற்றம். பைக்குள் வைத்திருந்ததற்காக விமான நிலையத்தில் கைதானவர்கள் இருக்கிறார்கள். உலகம் முழுக்க மலையேறுகிறவர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் உயிர்காக்கும் கருவி அது. சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகள் நிறைந்த நம் நாட்டில் அதற்கு ஒரு எளிய பதிவு முறை கூட ஏற்படுத்த மனமில்லை. கோபம் வருகிறது, ஆனால் சட்டம் சட்டம்தான். காஜாவில் பி.எஸ்.என்.எல்., ஜியோ கிடைக்கும். அருவிக்குப் போகும்போது எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தங்கும் வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பெர்மிட்டுக்காகத் தனியாக ஏஜென்ட் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியக் குடிமக்களுக்கு ஸ்பிதி போக இன்னர் லைன் அனுமதி (எல்லைப் பகுதிக்குள் நுழையும் அனுமதி) தேவையில்லை, ஆதார் கையில் இருந்தால் போதும்.

"அப்படியானால் விமானத்தில் நேரே லடாக்கில் இருக்கும் லே போகலாமே" என்று அடுத்து கேட்பீர்கள். லே அருகே கங்லஸ் பக்கம் நல்ல பனி உண்டு. ஆனால் விமானம் ஒரே தாவலில் 3,500 மீட்டரில் இறக்கிவிடும், இரண்டு நாள் முழு ஓய்வு கட்டாயம், குளிர்கால விமானங்கள் வானிலையால் ரத்தாவதும் உண்டு. ஆறு நாளில் அதற்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொங்கலை வீட்டில் கொண்டாடுங்கள். பிப்ரவரி முதல் பாதியில் பதிமூன்று நாள் லீவு கிடைக்குமா பாருங்கள், பனி அப்போதும் கெட்டியாகவே இருக்கும். அதற்குள் காஜாவிலேயே குளிர்காலத்திலும் தங்கி வேலை செய்யும் உள்ளூர் ஏற்றக்காரர் ஒருவரோடு நேரடியாகப் பேசிவிடுங்கள். அவருக்குக் கொடுப்பது முழுவதும் அவருக்கே போகும். முன்பணம் கொடுக்கும்போது, சாலை அடைபட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொண்டு கொடுங்கள்.