சந்தா கட்டியவர்களில் பாதிப் பேர் புதுப்பிக்கவில்லை: எங்கே ஓட்டை?

உங்கள் ஊர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முதல் ஆண்டு 400 குடும்பம், இப்போது 190. அதிலும் நோயாளிகள்தான் மிச்சம் என்கிறீர்கள். தயவுசெய்து இன்னொரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

விலகிய 20 வீடுகளில் ஒரே கேள்வி கேளுங்கள்: கடைசியாக மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையைக் காட்டியபோது கைக்காசு எவ்வளவு போனது? பெரும்பாலும் "மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கோங்க" என்ற பதிலில்தான் நம்பிக்கை உடைகிறது. மருத்துவமனைக்கு நீங்கள் தரவேண்டிய தொகை மாதக்கணக்கில் நிலுவையில் இருந்தால், அட்டைக்காரர்தான் அங்கே கடைசி ஆள். 30 நாளில் பில்லைத் தீர்க்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆள் ஆளாகச் சேர்ப்பதையும் நிறுத்துங்கள். மூட்டுவலிப் பாட்டியை மட்டும் சேர்த்துவிட்டு மற்ற நாலு பேரை விட்டால் எந்த நிதியும் தாங்காது. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் மொத்தமாகச் சேரட்டும். புதியவர்களுக்கு 2 அல்லது 3 மாதக் காத்திருப்பு வையுங்கள்; அதுவரை அட்டை செல்லாது. விபத்துக்கு மட்டும் விலக்கு.

வசூல் மாதம் எது? காங்கோ ஜனநாயகக் குடியரசின் புவாமண்டாவில் 1986இல் தொடங்கிய இதே மாதிரி மருத்துவமனைக் காப்பீட்டுத் திட்டம், விளைச்சல் விற்ற காசு கையில் இருக்கும்போது சந்தா வாங்கியது. விதைப்புக் காலத்தில் கேட்டால் கிடைக்காது.

பரம ஏழைகள் எந்த மாதத்திலும் கட்ட மாட்டார்கள், அவர்களால் முடியாது. ருவாண்டா சேர்க்கையைச் சட்டப்படி கட்டாயமாக்கியதோடு, அவர்களுக்கான சந்தாவைப் பொதுநிதியிலிருந்தும் கொடையாளர்களிடமிருந்தும் கட்டியது. உங்கள் ஊராட்சியிடம் அதைக் கேளுங்கள்.