அம்மாவின் மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது?

வாசகர் கேள்வி – பதில்

முதுமைக் காலத்தில் கணவன் மனைவி உறவு உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டு மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் பெயர்களை அவர்களது விருப்பப்படி தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து அம்மாதான் வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார், உப்பைக் குறைத்துச் சமைக்கிறார், தினமும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க அழைத்துப் போகிறார். அப்பா நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் சென்ற மாதம் அம்மா அடுப்படியில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை 340 இருந்தது. எவ்வளவு காலமாக அப்படி இருந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. திருமண வாழ்க்கை ஆயுளைக் கூட்டும் என்று படித்திருக்கிறேன். அது அம்மாவுக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை?
– ஒரு மகள், அனுப்பானடி

பதில்: நீங்கள் படித்தது மிகப் பழைய முடிவு. 1858ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஃபார் என்ற ஆங்கிலப் புள்ளியியலாளர் பிரான்ஸ் நாட்டின் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்து, மணமாகாதவர்களையும் துணையை இழந்தவர்களையும் விட, மணமாகித் துணையோடு வாழ்பவர்கள் பொதுவாகக் குறைவாக இறக்கிறார்கள் என்று எழுதினார். 1897இல் தற்கொலை குறித்து ஆராய்ந்த பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்ஹைம், திருமணம் ஆணுக்குத் தரும் பாதுகாப்பு பெண்ணுக்கு அதே அளவில் கிடைப்பதில்லை என்பதைக் கவனித்தார். 1972இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜெஸ்ஸி பெர்னார்டு இதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: ஒவ்வொரு திருமணத்துக்குள்ளும் இரண்டு திருமணங்கள் இருக்கின்றன, கணவன் வாழ்வது ஒன்று, மனைவி வாழ்வது மற்றொன்று.

உங்கள் வீட்டில் நடந்ததை விளக்குவதற்கு இவற்றை விடவும் பயன்படுவது, டெப்ரா அம்பர்சன் என்ற சமூகவியலாளர் 1992இல் வெளியிட்ட ஆய்வு என்று நினைக்கிறேன். உங்கள் உடல்நலத்தைக் கவனித்து, இதைச் செய், அதை விடு என்று சொல்பவர் யார் என்று அவர் ஆராய்ந்தார். மணமான ஆண்கள் பெரும்பாலும் மனைவியைச் சொன்னார்கள். மணமான பெண்கள் அந்த அளவுக்குக் கணவனைச் சொல்லவில்லை. குடியைக் குறைக்கச் சொல்வதும், மருத்துவரிடம் போக வற்புறுத்துவதும், மாத்திரை தீரும் முன்பே வாங்கி வைப்பதும் ஒருவர் மற்றொருவருக்காகச் செய்யும் வேலைகள். திருமணம் தரும் ஆரோக்கியத்தில் ஒரு பெரும் பங்கு அந்த வேலையிலிருந்து வருகிறது என்றால், வேலையைச் செய்பவருக்கு அதைத் திருப்பிச் செய்ய ஆள் இருக்கிறதா என்பதுதான் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் அப்பாவுக்கு ஒரு மனைவி இருக்கிறார். உங்கள் அம்மாவுக்கு அப்படி ஒருவர் இல்லை.

உங்கள் கடிதத்தின் பிற்பகுதியில் நீங்கள் எழுதியிருந்த ஒரு செய்தியை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அப்பாவின் மாத்திரைகள் எவர்சில்வர் சம்படத்தில், காலைக்கும் இரவுக்கும் தனித்தனித் தாளில் மடித்து, அம்மாவின் கையெழுத்தில் நாள் குறிக்கப்பட்டு இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரை அட்டை அதே சம்படத்தின் அடியில், நான்கு மாத்திரை மட்டும் எடுக்கப்பட்டு, காலாவதியாகிக் கிடந்தது. கேட்டதற்கு, "எனக்கென்னடி, நான் நல்லாத்தான இருக்கேன்" என்று சொன்னாராம். இதை அலட்சியம் என்று நான் கொள்ளவில்லை. ஒருவரின் கவனத்துக்கும் ஓர் அளவு உண்டு. உங்கள் அம்மா தம்முடையது முழுவதையும் ஒரே இடத்தில் செலவிட்டுவிட்டார்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டார்கள். சமைத்த நேரமும் துவைத்த நேரமும் அந்தக் கணக்கில் வந்துவிடும். தண்ணீர் பிடித்துக்கொண்டே, 'இன்னும் அவர் மாத்திரை போடவில்லையே' என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது.

பராமரிப்பு உடலை வருத்தும் என்பதற்கு நேரடியான சான்றுகளும் உண்டு. 1999இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற துணையைப் பராமரித்து அதனால் அழுத்தம் அடைந்த முதியவர்கள், பராமரிப்புப் பொறுப்பில்லாத முதியவர்களை விட நான்கு ஆண்டுகளில் இறப்பதற்கான வாய்ப்பு 63 விழுக்காடு அதிகமாக இருந்தது. அழுத்தம் இல்லாமல் பராமரித்தவர்களிடம் அந்தக் கூடுதல் இறப்பு காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆகவே உங்கள் அம்மாவிடமிருந்து அப்பாவைப் பிரித்துவிட வேண்டும் என்று யாரும் முடிவுகட்ட வேண்டியதில்லை. அவர் ஒருவராகவே சுமப்பது குறைய வேண்டும்.

மேலை நாட்டு ஆய்வுகளை அப்படியே நமக்குப் பொருத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே மணமானவர்களை மணமாகாதவர்களோடு ஒப்பிட்டு, நலமாக இருப்பவர்கள்தான் மணந்துகொள்கிறார்களோ என்றும் ஐயுறுவார்கள். நம் ஊரில் உங்கள் அம்மாவின் தலைமுறையில் ஏறத்தாழ அனைவருக்கும் திருமணம் நடந்திருக்கிறது. இங்கே ஆராய வேண்டியது வயது இடைவெளி. மனைவி ஐந்தாறு வயது இளையவராக இருப்பதால் கணவன் தளரும்போது அவருக்கு ஓரளவு தெம்பு இருக்கும். அவர் தளரும் நாளில் கணவன் பெரும்பாலும் இருக்கமாட்டார், அல்லது அவரே படுக்கையில் இருப்பார். அப்போது பொறுப்பு மகளிடமோ மருமகளிடமோ வந்து சேரும், மீண்டும் ஒரு பெண்ணிடம்.

செய்ய வேண்டியவற்றில் முதலாவதாக, அப்பாவுக்குப் பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போதெல்லாம் அம்மாவுக்கும் அதே நாளைக் குறியுங்கள். ஊராட்சியிலும் நகரத்திலும் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. வருகிறவரிடம் அம்மாவையும் பார்க்கச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு, ஏனென்றால் அவராகக் கையை நீட்டமாட்டார். சம்படத்தில் அம்மாவின் மாத்திரையை எடுத்து வைக்கும் வேலையை அப்பாவிடமே கொடுங்கள். அவர் நடந்து தெப்பக்குளத்தைச் சுற்றிவரும் அளவுக்குத் தேறிவிட்டார். இதையும் அவரால் செய்ய முடியும்.

கேள்வி: என் மனைவி இறந்து பதினொரு மாதங்கள் ஆகின்றன. எனக்கு 70 வயது. அரிசியை எத்தனை தடவை களைய வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது. உறவினர் வருகையும் நின்றுவிட்டது. கணவனை இழந்த பெண்கள் எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள், ஆண்களால் ஏன் முடியவில்லை?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி அருகே

பதில்: ஐயா, இங்கிலாந்தில் 55 வயதைக் கடந்து மனைவியை இழந்த 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதல் ஆறு மாதங்களில் அவர்களது இறப்பு, அதே வயதில் மனைவியோடு வாழ்ந்த ஆண்களுக்கு எதிர்பார்க்கப்படும் அளவை விட 40 விழுக்காடு அதிகமாக இருந்தது. அதன் பிறகு அந்த வேறுபாடு படிப்படியாகக் குறைந்து மறைந்தது. நீங்கள் மிகக் கடுமையான காலத்தைக் கடந்துவிட்டீர்கள் என்பதை முதலில் சொல்ல விரும்புகிறேன். உங்கள் இழப்பு சிறிதாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை.

உறவினர் வருகை நின்றது தற்செயல் அல்ல. கனடாவின் கேரொலின் ரோசென்தால் 1985இல் எழுதிய ஆய்வில், குடும்பத்தில் உறவுகளைத் தொடர்ந்து பேணி வருகிறவர் பெரும்பாலும் ஒரு பெண்ணே என்று காட்டினார். நம் ஊரில் அது யாருக்கும் ஆய்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யார் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு மொய் எழுதியிருக்கிறோம், எந்த அத்தை மகளுக்குப் பேறுகாலம், திருவிழாவுக்கு யாரை அழைக்க மறந்துவிட்டோம் என்பதெல்லாம் உங்கள் மனைவியின் நினைவில் இருந்தவை. அவரோடு சேர்ந்து அந்த ஏடும் போய்விட்டது. வருபவர்கள் வரட்டும் என்று காத்திருக்காமல், வாரம் ஒருவருக்கு நீங்களே போன் செய்யத் தொடங்குங்கள். முதல் மூன்று அழைப்புகள் சங்கடமாக இருக்கும். பேச ஆளில்லாத இரவுகளுக்குப் பிறகு, காலையில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம்.

பெண்கள் தாங்கிக்கொள்கிறார்கள் என்ற கருத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்று, வயதான கைம்பெண்களின் இறப்பு அவர்கள் எந்த வீட்டில், யாருடைய பொறுப்பில் வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறியதைக் காட்டியது. நம்மிடையே 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கும் மகனுக்கு இணையான பங்கைத் தந்திருக்கிறது. இருந்தும் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு மகன் வீட்டுத் திண்ணைக்கு மாறிய பாட்டிகள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம். ஆண் இழப்பது பெரும்பாலும் கவனிப்பை. பெண் இழப்பது பெரும்பாலும் இருக்கும் இடத்தை. இரண்டும் நோயில் கொண்டுபோய் விடும்.

கேள்வி: என் கணவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து நாள் முழுவதும் வீட்டில் இருந்து எல்லாவற்றிலும் குறை சொல்கிறார். சண்டை வேண்டாம் என்று பதில் பேசுவதில்லை. எனக்கு பிரஷர் ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: உங்கள் ஒருவரது ரத்த அழுத்தத்துக்கு இதுதான் காரணம் என்று மருத்துவர் உட்பட யாரும் அறுதியிட முடியாது, மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தொடர்பைச் சுட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் பல தலைமுறைகளாக நடக்கும் இதயநோய் ஆய்வில் பங்கேற்ற தம்பதிகளைப் பத்து ஆண்டுகள் கவனித்ததில், கணவனோடு கருத்து மோதல் வரும்போது வாயை அடக்கிக்கொள்ளும் பெண்கள், அப்படி அடக்காத பெண்களை விட நான்கு மடங்கு அதிக இறப்பு ஆபத்தில் இருந்தார்கள் என்று 2007இல் வெளியானது. ஆண்களிடம் இந்தத் தொடர்பு காணப்படவில்லை. 2014இல் ஹுய் லியு, லிண்டா வெயிட் ஆகியோர் முதிய அமெரிக்கர்களிடம் செய்த ஆய்வும், மணவாழ்வின் கசப்பு இதய நலத்தைக் கெடுப்பது பெண்களிடமே கூடுதல் என்று கண்டது. கணவரின் ஓய்வு மனைவியின் மனநலத்தைத் தாழ்த்துவதாக ஜப்பானியத் தம்பதிகளைப் பற்றிய ஆய்வு ஒன்றும் கூறுகிறது.

பேசாதிருப்பது நம் வீடுகளில் பொறுமை என்று போற்றப்படுகிறது. அந்தப் பொறுமைக்கான விலையை உங்கள் ரத்தக்குழாய் கட்டக் கூடாது. சண்டைக்கு அல்லாமல், உங்கள் நேரத்தையும் இடத்தையும் பற்றிப் பேசுங்கள். காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அடுப்படிப் பக்கம் அவர் வரவேண்டாம், மின்கட்டணமும் ரேஷன் கடையும் இனி அவர் பொறுப்பு என்பது போன்ற சிறு ஏற்பாடுகளில் தொடங்குங்கள். முப்பது ஆண்டுகள் கோப்புகளைச் சரிபார்த்தவருக்குச் சரிபார்க்க ஏதாவது வேண்டும். அது உங்கள் குழம்பாக இருக்க வேண்டியதில்லை. அவர் கையை ஓங்குகிறார் என்றால் நான் எழுதிய எதுவும் பொருந்தாது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: பக்கவாதத்தில் பேச்சும் வலக்கையும் போன என் மனைவியை இரண்டு ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "ஆம்பள இப்படிப் பார்க்கிறாரே" என்று எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தலை பின்னும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். முடியை வெட்டிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், ஒத்தக்கடை

பதில்: உங்கள் கூச்சம் நியாயமானது. அதே தெருவில் கணவனைப் பத்து ஆண்டுகள் குளிப்பாட்டிய பெண்ணை யாரும் நிறுத்திப் பாராட்டியிருக்கமாட்டார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர்கள் டோனி கலசான்டி, நீல் கிங் ஆகியோர் மனைவியைப் பராமரிக்கும் கணவர்களிடம் பேசி 2007இல் எழுதியபோது, அவர்களில் பலர் பராமரிப்பைத் தங்கள் பழைய அலுவலக வேலையைப் போலப் பட்டியலிட்டு முடிக்கும் பணிகளாக ஆக்கிக்கொண்டதைக் கண்டார்கள். அது அவர்களைத் தளர்ந்துவிடாமல் காத்தது. ஆனால் பட்டியல் போடுகிறவருக்கு எளிதாக முடியும் வேலையே சரியான வேலையாகத் தோன்றிவிடும். முடியை வெட்டுவது அப்படிப்பட்ட ஒன்று.

உங்கள் மனைவிக்குப் பேச்சு போயிருக்கலாம், விருப்பம் போயிருக்காது. இடக்கை இயங்குகிறது அல்லவா? ஒரு நாள் நிதானமாக அவர் முன்னால் சீப்பையும் கத்தரிக்கோலையும் வைத்து, எது வேண்டும் என்று கேளுங்கள். பதிலை அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். அவர் சீப்பைத் தொட்டால், முகத்தைத் திருப்பியது நீங்கள் இறுக்கி இழுப்பதால் வந்த வலிக்காக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், சிக்கை நுனியிலிருந்து எடுத்துத் தளர்வாகப் பின்னுவது எப்படி என்று இரண்டு நாள் கற்றுக்கொண்டால் போதும்.