மூன்று மாதம் வரை அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாதா?

கேள்வி: எனக்கு வயது 24. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதல் கர்ப்பம், ஏழாவது வாரம். ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்தது. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும், என் அம்மாவிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்கிறார் மாமியார். கணவரோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடத் துடிக்கிறார். எப்போது சொல்லலாம், டாக்டர்?

பதில்: வாழ்த்துகள் அம்மா. உங்கள் தாயாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மாமியாரின் பயத்தை வெறும் கண்ணேறு பயம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன. அதில் பெரும்பகுதி முதல் 12 வாரத்துக்குள் நடப்பது. ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு விசாரிக்கிறவர்களுக்கெல்லாம் "தங்கலை" என்று பதில் சொல்வது எவ்வளவு வேதனை என்பதை அவர் தலைமுறைப் பெண்கள் நன்றாக அறிந்தவர்கள். ஆனால் வெளியே சொன்னதால் எந்தக் கருவும் கலைவதில்லை. ஆரம்பத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அதை யார் கண்ணும் உண்டாக்க முடியாது. நீங்கள் படி ஏறியதோ பஸ்ஸில் போனதோ உண்டாக்க முடியாது. துடிப்பு தெரிந்துவிட்டதால் உங்களுக்கு ஆபத்து இன்னும் குறைந்திருக்கிறது.

தாயாரிடம் ஏன் சொல்லச் சொல்கிறேன் தெரியுமா? ரத்தப்போக்கோடு வருகிற பெண்ணிடம், "அம்மாவுக்குப் போன் போடட்டுமா?" என்று எங்கள் நர்ஸ் கேட்பார். "நான் உண்டாகியிருக்கறதே அவங்களுக்குத் தெரியாது சிஸ்டர்" என்று அந்தப் பெண் அழும். நல்ல செய்தியையே கேட்காத தாய், கெட்ட செய்தியை முதலில் கேட்கிறாள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. கஷ்டம் வந்தால் யார் மடியில் தலை வைப்பீர்களோ, அவர்களுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும். மற்ற உறவுக்காரர்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் முடிந்த பிறகு சொன்னால் போதும். மாமியாரிடமும் இப்படியே சொல்லிப் பாருங்கள்: "அம்மாவுக்கு மட்டும் சொல்லிக்கறேன் அத்தை, மத்தவங்களுக்கு நீங்க சொல்றப்போ சொல்லலாம்."

வீட்டுக்கு வெளியே ஒருவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். அவர் உங்கள் பகுதி சுகாதார செவிலியர். 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள். பிரசவத்தின்போதும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். தகுதி இருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுதான் ஆரம்பம். ரகசியம் காக்கிறேன் என்று மூன்று மாதம் கடத்துகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். போலிக் அமில மாத்திரையைத் தொடங்கவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள். மருந்துக்கடையிலும், பல் டாக்டரிடமும், எக்ஸ்ரே எடுக்கும் இடத்திலும் கர்ப்பம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இடுப்புவலிக்கு நீங்களாக வாங்கிப் போடுகிற புரூபன் மாத்திரை இப்போது வேண்டாம்.

கம்பெனியில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்றபடி வேலை என்றால், சூப்பர்வைசரிடம் மட்டும் சொல்லி உட்கார ஸ்டூல் கேளுங்கள். துணியில் கறை எடுக்கும் கெமிக்கல் பக்கமும், பண்டல் தூக்கும் வேலையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்து, தேவையான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், முதல் பிரசவத்துக்கு 26 வாரம் பணப்பயன் உண்டு. கரு கலைந்துபோனாலும் ஆறு வாரத்துக்கு உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை.

ரத்தப்போக்கு, அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, இவற்றில் எது வந்தாலும் யாருக்குத் தெரிந்துவிடுமோ என்று யோசிக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தேவைப்பட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் கணவரின் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஸ்டேட்டஸ் போட்டால் அவருடைய பழைய முதலாளி வரை பார்ப்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளை முடிவு செய்யுங்கள். அன்றைக்கு ஸ்கேன் படத்தைப் போடுவதானால், அதன் மூலையில் அச்சாகியிருக்கும் உங்கள் பெயர், வயது, ஆஸ்பத்திரி எண் ஆகியவற்றை வெட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.