இரண்டரை லட்சத்தில் என்ன கார் வாங்கலாம்?

சத்துவாச்சாரியில் 22 வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். செகண்ட்ஸ் கார் பற்றிக் கேட்டவர்களுக்கு, வேலை ஓய்ந்த நேரத்தில் எழுதிய பதில்கள்.

காட்பாடி: அண்ணா, அம்மாவோடு சேர்த்து நாலு பேர். கையில் இரண்டரை லட்சம். மாதம் ஒருமுறை திருவண்ணாமலை. எந்தக் கார்?

வேகன் ஆர், தம்பி. 2010-க்குப் பிறகு வந்த கே சீரிஸ் இன்ஜின் வண்டியாகப் பாருங்கள். அதில் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். கண்ணமங்கலத்தில் நின்றுபோனாலும் பிரித்துப் பார்க்க ஆள் கிடைப்பான். சீட் உயரம் என்பதால் அம்மா குனியாமல் ஏறலாம். ஆனால் இரண்டரை லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸுக்கு முப்பதாயிரம் ஒதுக்குங்கள். டயரில் 3219 என்று நாலு எண் இருந்தால் 2019-ல் 32-வது வாரம் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் நன்றாகத் தெரிந்தாலும் பழைய டயர் கிழவன்தான்.

போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். புகை, கடகட சத்தம், பேட்டரி சோர்வு எல்லாம் ஆறிய இன்ஜினில்தான் தெரியும். நம்ம ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் எல்லா பானெட்டும் சுடும், அதனால் காலை ஏழு மணிக்கே போய் நில்லுங்கள். ஏசியை மட்டும் மதியம் பாருங்கள்.

ஆற்காடு: சென்னை வண்டி நாற்பதாயிரம் குறைவாக வருகிறது, எடுக்கலாமா சார்?

சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை இழுங்கள். அங்கே சேற்றுக் கறை இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் நனைந்த வண்டிகள் எத்தனையோ. ஒருமுறை என்னிடம் ஒன்று வந்தது: புது சீட் கவர், உள்ளே மல்லிகை வாசனை. ஃப்யூஸ் பாக்ஸைக் கழற்றினால் மூலையில் சேறு பொருக்காகக் காய்ந்து கிடந்தது. ஸ்டெப்னி குழியையும் சீட் ரெயிலில் துருவையும் பாருங்கள்.

ஆம்பூர்: பெட்ரோல் வண்டியையே சொல்கிறீர்களே. டீசல் ஸ்விஃப்ட் எடுத்தால் மைலேஜில் காசு மிச்சமாகுமே?

மாதம் எவ்வளவு ஓட்டுவீர்கள்? 600 கிலோமீட்டர் என்று வைப்போம். பெட்ரோல் 16 கொடுத்தால் 37 லிட்டர் சொச்சம், டீசல் 20 கொடுத்தால் 30 லிட்டர். ஏறக்குறைய மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம். இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் ஒன்று போனால் ஒரு வருஷ மிச்சம் காலி.

ஆம்பூர் மறுபடியும்: என் மாமா வண்டி மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் இன்ஜினைப் பிரிக்கவில்லை!

மாமா தினமும் ஓட்டியிருப்பார். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகப்போகிறீர்கள். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் என்றால் இன்னும் மோசம், கிட்ட கிட்டவே ஓட்டினால் புகைக்குழாய் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

வாணியம்பாடி: ஆம்பூர்க்காரர் சொல்வதே சரி. தினம் ஓசூர் போய் வருகிறேன், டீசல்தான் கட்டுப்படியாகிறது.

உங்களுக்குக் கட்டுப்படியாகும், ஒத்துக்கொள்கிறேன். அவர் ஓசூர் போகவில்லையே!

குடியாத்தம்: டெல்லி டீசல் வண்டி பாதி விலைக்குத் தருகிறார்கள்.

10 வருஷம் தாண்டிய டீசல் அங்கே ஓடக்கூடாது என்றதும் இங்கே தள்ளினார்கள். என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு வரி, மறுபதிவு எல்லாம் உங்கள் தலையில். வேண்டாம்.

அணைக்கட்டு: அண்ணா, இரண்டரை லட்சத்தில் எந்தக் கார்?

மேலே காட்பாடித் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். பானெட்டைத் தொடுங்கள்.

வாலாஜா: 2012 மாடல், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிறார் புரோக்கர்.

கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. 2012 வண்டிக்கு ஆர்சி (பதிவுச் சான்று) 2027-ல் முடியும். அப்புறம் எஃப்சி (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

ராணிப்பேட்டை: வண்டி மேல் பேங்க் லோன் இருந்திருக்கிறது. கட்டி முடித்தாயிற்று என்கிறார்.

வாயால் சொன்னால் போதாது. பேங்க் என்ஓசியும், கடன் முடிந்தது என்று சொல்லும் ஃபார்ம் 35-ம் கையில் வந்து, ஆர்சியில் கடன் நீங்கின பிறகு பணம் கொடுங்கள். 29, 30 ஃபார்ம்களில் கையெழுத்து வாங்கிப் பேர் மாற்றவும் தாமதிக்காதீர்கள். அந்த வண்டி விபத்தில் சிக்கினால் போலீஸ் பழைய ஓனர் வீட்டுக்குத்தான் போகும், அவர் உங்களைத் தேடுவார்.

வேலூர்: கறுப்பு கலர் எடுக்கலாமா அங்கிள்?

மே மாதம் ஒரு மதியம் கறுப்புக் காரின் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாம்மா.