அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிபவராக) ஆடிய ஜூலியன் எடெல்மன் எப்படி ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) ஆனார்?

உயரம்தான் முதல் காரணம். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பந்தை எறிந்தவர் அவர்தான். ஆனால் 5 அடி 10 அங்குல ஆளை குவார்ட்டர்பேக்காக எடுக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் தயங்கும். அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2009 டிராஃப்டில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அவரை 232-ஆவது ஆளாக எடுத்தது, ரிசீவராக மாற்றலாம் என்றுதான்.

உடனே பலிக்கவில்லை. 2011-இல் அவர் பிடித்த பந்துகள் வெறும் 4. அந்த ஆண்டு ஆள் பற்றாக்குறையால் தடுப்பாட்டத்திலும் இறக்கினார்கள். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடும் பன்ட் ரிட்டர்ன்தான் அவரைக் காப்பாற்றியது எனலாம். 2013-இல் வெஸ் வெல்கர் வேறு அணிக்குப் போனதும் ஸ்லாட் இடம் (ஓர ரிசீவருக்கும் நடுவரிசைக்கும் இடையே ரிசீவர் நிற்கும் இடம்) காலியானது. எடெல்மன் 105 பந்துகள் பிடித்தார்.

ஸ்லாட்டில் வேகத்தைவிடக் கண்தான் முக்கியம். அங்கே ரிசீவர் ஓடும் பாதைகள் பல முன்கூட்டியே முடிவானவை அல்ல. எதிராளி ஆளோடு ஆளாக ஒட்டி வந்தால் சட்டென வெட்டித் திரும்பி விலக வேண்டும்; இடத்தைக் காத்து நின்றால் இடைவெளியில் நின்றுவிட வேண்டும். எறிபவரும் பிடிப்பவரும் இதை ஒரே மாதிரி படிக்காவிட்டால் பந்து ஆளில்லாத இடத்துக்குப் போகும், இல்லையேல் எதிரணி கைக்கு. பழைய குவார்ட்டர்பேக்குக்கு இந்தப் படிப்பு ஏற்கெனவே பழக்கம்.

பழைய தொழிலும் ஒருமுறை கைகொடுத்தது. 2015 ஜனவரியில் பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டம், ஸ்கோர் 28-28-ஐ எட்டக் காரணமே அவர் எறிந்த பந்துதான். அணியின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி பின்பக்கமாக அவருக்கு எறிந்து தந்தார். ஒரு முயற்சியில் (டவுன்) ஒரே ஒரு முன்வீச்சுக்குத்தான் விதி இடம் தரும். முதல் வீச்சு துளி முன்னே போயிருந்தாலும் அபராதம். எடெல்மன் 51 யார்டு எறிய, சக ரிசீவர் டேனி அமென்டோலா பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்த்து டச்டவுன் அடித்தார்.

2019 பிப்ரவரி சூப்பர் பௌலில் (என்.எஃப்.எல். இறுதிப்போட்டி) 10 பந்துகள், 141 யார்டு, சிறந்த வீரர் விருது. 2021-இல் ஓய்வு.