மூணு மாவும் ஒரு ஏக்கரும்

வீட்டில் படிக்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அக்கா, நான் தாவரவியலில் முதுகலை முடித்தவள். என் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் எங்களைப் போலவே ஐந்தாறு குடும்பங்கள் பழக்கம். "உனக்குத்தான் செடிகொடியெல்லாம் அத்துப்படியாச்சே, எங்க பிள்ளைகளுக்கும் வாரத்துல ஒரு நாள் சொல்லிக்கொடேன்" என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் தெரிந்தவர்களிடம் காசு கேட்க வாய் வரவில்லை. கேட்கலாமா? எவ்வளவு கேட்பது?
- வாசகி, பாபநாசம்

பதில்: கேளுங்கள் தங்கச்சி. பாடம் தொடங்கும் முன்பே, இவ்வளவு என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் விட்டு நான் பட்டதைச் சொன்னால் உங்களுக்கு ஏன் என்று புரியும்.

நான் தாராசுரத்தில் இருக்கிறேன். என் பையனுக்காகத் தொடங்கியதுதான் 'நிலமும் கணக்கும்' வகுப்பு. முதல் வருஷம் யாராவது "எவ்வளவு?" என்று கேட்டால், "உங்களால முடிஞ்சதைக் கொடுங்க" என்றேன். பெருந்தன்மையாகப் பேசுவதாக நினைப்பு. பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர் ஐந்நூறு கொடுத்தார், ஒருவர் ஐம்பது கொடுத்தார், ஒரு வீட்டில் வாழைத்தார் அனுப்பினார்கள். மூன்றாவது சனிக்கிழமை வந்தது நான்கே பேர். வராதவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையை என் வாசலில் இறக்கிவிட்டுக் கும்பகோணம் கடைத்தெருவுக்குப் போய், பொழுது சாய்ந்து வந்து கூட்டிப்போனவர்களும் உண்டு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஐம்பது ரூபாய் கொடுத்த அந்த அம்மா ஒரு கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்த்துவிட்டு வேறு பந்திக்கு நகர்ந்து போனதைத்தான் தாங்க முடியவில்லை. குறைத்துக் கொடுத்துவிட்டோமோ என்று அவர் மனசு அடித்துக்கொண்டிருக்கிறது. தொகையை நான் சொல்லியிருந்தால் அவருக்கு அந்தக் கஷ்டமே வந்திருக்காது. என் கூச்சத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டேன்.

இப்போது என் கணக்கு இதுதான். எட்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், ஒரு பிள்ளைக்கு 1,600 ரூபாய். எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் 12,800. கயிறு, முளைக்குச்சி, படி, நோட்டு வகையில் 1,200 போகும். இரண்டு நாள் வந்து பிள்ளைகளோடு வயலில் நிற்கிற விவசாயப் பெரியவருக்கு நாளுக்கு ஆயிரம் வீதம் 2,000. அவர் வேலையை விட்டு வருகிறார், அந்தக் காசில் நான் குறைக்க மாட்டேன். சுண்டலுக்கும் பானகத்துக்கும் 1,200, ஜெராக்ஸுக்கு 400. மிச்சம் 8,000. வகுப்பு 16 மணி நேரம், அதற்கு முன்னால் உட்கார்ந்து தயார் செய்வது இன்னொரு 16. ஆக மணிக்கு 250 ரூபாய். ஆறு பிள்ளைகளே வந்தால் அது 150-க்கு இறங்கிவிடும். அதனால் ஆறுக்குக் கீழே என்றால் நான் தொடங்குவதில்லை. நீங்களும் இப்படி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கேட்கிற தொகை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிட்டால் வாய் தானாக வரும்.

அடுத்தது, எதைச் சொல்லிக்கொடுப்பது. பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கிற பெற்றோர் பாடப்புத்தகத்தை உங்களிடம் கேட்கவில்லை, அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தங்கள் வீட்டில் நடக்காததைத்தான் தேடி வருகிறார்கள்: நாலு பிள்ளை கூடிச் செய்வது, கையால் தொட்டுப் பார்ப்பது, ஒரு துறையில் ஊறினவரின் கண்.

என் வகுப்பில் ஒரு காலை நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு அடிக் கயிறு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு சதுரம் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. ஒரு பக்கத்துக்குப் பத்துக் கயிறு வைத்துப் பிள்ளைகள் ஒரு மாவை அளந்து முளை அடித்தார்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் 9 அடி, மறுபக்கம் 12 அடி குறித்துக் குறுக்கே கயிறு பிடித்தார்கள். 15 அடி வந்தால்தான் மூலை நேர். இருபது மா ஒரு வேலி. தமிழ்க் கணக்கிலும் மா என்றால் இருபதில் ஒரு பங்குதான் என்று பெரியவர் சொன்னதும், பின்னம் என்றாலே அழுகிற ஒரு பத்து வயதுப் பெண் வரப்பில் உட்கார்ந்து நோட்டில் என்னவோ பெருக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, "எங்க தாத்தா மூணு மா ஒரு ஏக்கர்னு சொல்வாங்க. மூணு மாவுக்கு 43,200 தான் வருது. ஏக்கருக்கு 43,560-ன்னு போட்டிருக்கு. 360 சதுர அடி எங்க போச்சு?" என்றாள். பெரியவர் சிரித்துவிட்டார். அது சரியாக இரண்டரைக் குழி. ஏக்கர் வெள்ளைக்காரன் சங்கிலிக் கணக்கு, அறுபத்தாறு அடிச் சங்கிலியில் ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம். நம்முடையது பன்னிரண்டு அடிக் கோல். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது, ஊர்ப்பேச்சில் ஒட்டவைத்திருக்கிறோம். அதை அன்றைக்கு எட்டுப் பிள்ளைகளும் தாங்களே கண்டுபிடித்த மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1,600 ரூபாய் இதற்குத்தான் வாங்குகிறேன். வாங்க எனக்குத் தயக்கமே இல்லை.

உங்கள் கையில் இருக்கிற சரக்கு இதைவிடப் பெரியது. 'தாவரவியல்' என்று அகலமாக வைக்காதீர்கள். 'வரப்பில் முளைப்பவை' என்று ஒன்றே ஒன்றை எடுங்கள். பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, வல்லாரை, நீர்முள்ளி, ஆரைக்கீரை. ஆரைக்கீரையின் நாலு இலையைப் பார்த்துப் பூக்கிற செடி என்றே எல்லாப் பிள்ளையும் நினைக்கும். அது பெரணி இனம், பூக்கவே பூக்காது என்று சொல்லி, அடித்தண்டோரம் இருக்கும் வித்துப் பைகளை லென்ஸில் காட்டுங்கள். அந்த ஒரு காலைக்கே பிள்ளைகள் திரும்பி வருவார்கள். மருந்தடித்த வயல் வரப்பில் பறித்ததை மட்டும் வாயில் வைக்க விடாதீர்கள்.

காலத்தையும் பார்த்து வையுங்கள். தை, மாசியில் சம்பா அறுத்த வயலில் உளுந்து பச்சை கட்டியிருக்கும், கால் வைக்க யாரும் விடமாட்டார்கள். எனக்குத் தேவை வெறும் வயல் என்பதால் சித்திரை பிறந்ததும் காலை ஆறரை மணிக்குத் தொடங்குவேன். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள் எட்டு வாரமும் முடிந்துவிடும். உங்களுக்கு ஈரம் வேண்டும், ஆடிக்கு மேல் தொடங்குங்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வெளி வகுப்பே வைக்காதீர்கள்.

விவசாயக் குடும்பங்களில் கொள்முதல் பணம் வந்த பிறகுதான் கை நனையும். அறுவடைக்குப் பின் தருகிறேன் என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் ஒரு இடத்தைக் காசில்லாமல் வைத்திருப்பேன். அது யாருக்கு என்பது எனக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும் தெரியும், என் பையனுக்குக்கூடத் தெரியாது.

கேள்வி: பணம் கட்டியவர்கள் பாதியில் நின்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: இரண்டாவது வகுப்பு முடிவதற்குள் ஒத்துவரவில்லை என்றால் மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கிடையாது என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். மழையாலோ உங்களாலோ நின்றுபோன நாளை வேறு நாளில் ஈடுகட்டியே ஆக வேண்டும். பிள்ளைக்கு உடம்பு முடியாமல் படுத்துவிட்டால் நான் சட்டம் பேசியதில்லை.

கேள்வி: வீட்டில் இப்படி வகுப்பு எடுத்தால் அனுமதி வாங்க வேண்டுமா? பயமாக இருக்கிறது.
- வாசகர், திருவாரூர்

பதில்: 2009-இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வரையிலான பிள்ளைகளுக்கானது. அதில் வீட்டுக்கல்வி என்று தனியாக எதுவும் பேசப்படவில்லை. ஆனால் அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது என்று 18-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளுக்குப் பத்தாயிரம். வாரம் ஒரு நாள் பாட்டோ கணக்கோ சொல்லித்தருவது டியூஷன் மாதிரி. வாரம் ஐந்து நாள், காலை முதல் மாலை வரை, வகுப்பு வாரியாகப் பிள்ளை சேர்த்தால் அது பள்ளி. அந்தப் பக்கம் நகராதீர்கள். பலகையில் 'பள்ளி' என்று எழுதாதீர்கள், எத்தனையாம் வகுப்புத் தேறினார் என்று சான்றிதழ் எதுவும் கொடுக்காதீர்கள். வாங்குகிற காசுக்கு ரசீது போட்டு வருமானத்தில் காட்டுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பேச்சு வரும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். என் பேரனுக்கு 13 வயது. அவனோடு இன்னும் நாலு பிள்ளைகளைச் சேர்த்து, சனிக்கிழமைச் சோதனை வகுப்பிலேயே பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் தயார் செய்து கட்டணம் வாங்கலாமா அம்மா?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஐயா, இரண்டையும் கலக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தேர்வு உள்ளே வந்த அன்றைக்கே பிள்ளைகள் "இது கேள்வியில் வருமா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், உங்கள் சோதனை வகுப்பு செத்துப்போகும். தனி நாள், தனிக் கட்டணம் வையுங்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், அதனால் பேரனுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. ஐந்து பாடம் போதும், தமிழிலேயே எழுதலாம். ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு, தேறிய பாடம் கணக்கில் நிற்கும். தேர்வு ஏப்ரல் வாக்கில் ஒரு முறை, அக்டோபர் வாக்கில் ஒரு முறை. முதல் தடவைக்கு ஏப்ரலைப் பிடியுங்கள் ஐயா. ஐப்பசி மழையில் தேர்வு மையத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பாடு உங்கள் வயதுக்கு வேண்டாம்.